கார்ல் டெர்ஸாகி: நிலத்தைக் கேட்டறிந்த பேராசிரியர்

மாந்தர் எழுப்பும் கட்டடங்களிலே கண்ணுக்குப் புலனாவது பாதி, புலனாகாதது பாதி. மாளிகையின் உயரத்தைக் கண்டு வியக்கும் நாம் அதன் கடைகாலைப் பற்றி எண்ணுவதில்லை. அணையிலே தேங்கி நிற்கும் நீரைக் கண்டு களிக்கும் நாம், அந்நீரின் பாரத்தை எந்தப் பாறை தாங்குகின்றது, எந்த மண் தாங்குகின்றது என்று வினவுவதில்லை. ஆயினும் அணையின் கீழே வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உயிர், காணாத அந்தப் பாதியையே நம்பியிருக்கின்றது. அதனை ஆராய்வதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பேராசிரியரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கும், சிறப்பாக இஞ்சினீயரிங் கலாசாலைகளில் வாசிக்கும் நம் இளைஞர்களுக்கும், அவர்தம் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

கார்ல் டெர்ஸாகி என்பார் 1883-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி பிராக் நகரில் ஜனித்தார். இன்று செக் நாட்டின் தலைநகராக விளங்கும் அந்நகரம் அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் சேனையில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். அவர் ஓய்வு பெற்றபின் குடும்பம் கிராஸ் நகரில் குடியேறிற்று. குல வழக்கப்படி மகனும் படைவீரனாதல் வேண்டும் என்று கருதி, பத்து வயதிலேயே அவரைச் சேனைப் பள்ளியொன்றில் சேர்த்தனர். ஆனால் சிறுவனின் மனம் வான சாஸ்திரத்திலும் பூகோளத்திலும் படிந்தது; பின்னர்க் கணிதத்திலும் க்ஷேத்திர கணிதத்திலும் சிறந்த தேர்ச்சி உண்டாயிற்று. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1900-ஆம் வருஷத்தில், கிராஸ் நகரத் தொழில்நுணுக்கக் கலாசாலையில் இயந்திர இஞ்சினீயரிங் பாடத்தில் சேர்ந்தார்.

கலாசாலையில் அவர் அடக்கமான மாணவராயிருந்தார் என்று சொல்வதற்கில்லை. குடியிலும் குறும்பிலும் காலம் கழித்து, ஒரு சமயம் கலாசாலையினின்றே நீக்கப்படும் நிலைக்கு வந்தார். ஆசிரியர் ஒருவர் பரிந்து பேசியதால் தப்பினார். 1904-இல் சிறப்பாகத் தேறினார். மைந்தர் சற்றே வழி தவறியவுடன் அவர்களைக் கைவிட நினைக்கும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

கல்லூரி முடித்தபின் ஒரு வருஷம் கட்டாயப் படைச்சேவை செய்ய வேண்டியிருந்தது. அந்த ஓய்வு நேரத்தில் அவர் செய்த காரியம் வியக்கத்தக்கது. ஸ்காத்லாந்து தேசத்துப் பூகர்ப்ப சாஸ்திரியாகிய ஆர்ச்சிபால்ட் கெய்கி என்பவர் வயல்வெளி ஆராய்ச்சியைப் பற்றி எழுதிய ஆங்கில நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இயந்திரம் பயின்றவர் பாறையை நோக்கித் திரும்பியது இவ்வாறே. மீண்டும் ஒரு வருஷம் கலாசாலைக்குச் சென்று பூகர்ப்ப சாஸ்திரமும், ரஸ்தா, ரயில்பாதை அமைக்கும் முறைகளும் கற்றுக்கொண்டார்.

விடை கிடைக்காத கேள்வி

பின்னர் வியன்னா நகரத்துக் கம்பெனி ஒன்றில் அமர்ந்து, நீர்வீழ்ச்சி மின்சார நிலையங்களைக் கட்டும் வேலையில் ஈடுபட்டார். குரோவேஷியாவின் சுண்ணாம்புப் பாறை நாட்டிலும் ருஷியாவிலும் பணி புரிந்தார். 1912-இல் கிராஸ் கலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. இக்காலத்தில் ஒரு கேள்வி அவரை விடாமல் தொடர்ந்தது. இரும்புப் பாலம் கட்டும் இஞ்சினீயர் தாம் உபயோகிக்கும் இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லுகிறார். மண்மேல் அணை கட்டுபவரோ, முன்னோர் செய்தபடி செய்து, தெய்வத்தின் மேல் பாரத்தைப் போடுகிறார். ஓரிடத்தில் நின்ற அணை மற்றோரிடத்தில் அடியோடு அரித்துக்கொண்டு போகின்றது. காரணம் கேட்டால் விடை சொல்வாரில்லை. இது ஏன்?

விடை காண்பதற்காக 1912-ஆம் வருஷத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்நாட்டின் மேற்குப் பகுதிகளில் அப்போது பெரிய அணைகள் பல எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் இடத்திலும் நிலத்தின் தன்மையையும் அணையின் கதியையும் ஒப்பிட்டுக் குறித்தால் உண்மை தானே வெளிப்படும் என்று நம்பினார். ஏறத்தாழ இரண்டு வருஷம் அலைந்தும் நம்பிக்கை நிறைவேறவில்லை. களிமண் என்றும் மணல் என்றும் பாறை என்றும் சாஸ்திரிகள் வைத்த பெயர்கள் ஒன்றாயிருந்தன; அப்பெயருக்குரிய பொருள்களோ இடத்துக்கிடம் வேறு வேறாக நடந்துகொண்டன. பெயரைக் கொண்டு பாரத்தைக் கணிக்க இயலாது. பொருளையே அளந்து பார்த்தல் வேண்டும் என்னும் உண்மை அத்தோல்வியிலேதான் அவருக்குப் புலப்பட்டது. 1913-ஆம் வருஷக் கடைசியில் மனம் சோர்ந்து தாய்நாடு திரும்பினார்.

சுருட்டுப் பெட்டியில் பிறந்த சாஸ்திரம்

அடுத்த வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டது. டெர்ஸாகி படையில் சேவித்தபின், 1916-இல் துருக்கியின் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில், அதாவது இன்றைய இஸ்தான்புலில், அரசாங்க இஞ்சினீயரிங் கலாசாலைக்கு ஆசிரியராகச் சென்றார். யுத்தத்தில் ஆஸ்திரியாவும் துருக்கியும் தோற்றன. தோற்ற தேசத்தவராகிய அவர் அவ்வேலையை இழந்தார். அந்நகரிலேயே அமெரிக்கர் நடத்திய ராபர்ட் கல்லூரியில் இடம் கிடைத்தது; சம்பளம் சொற்பம். ஆராய்ச்சிசாலை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கில்லை. வேண்டாமென்று கழித்த சாமான்களையும் சுருட்டுப் பெட்டிகளையும் கொண்டு தம் கையாலேயே கருவிகளைச் செய்துகொண்டு, மணலும் களிமண்ணும் அமுக்கத்திற்கு எவ்வாறு உட்படுகின்றன என்று அளந்தார். புகழும் பொருளும் இல்லாத அந்த வருஷங்களே அவர் வாழ்வில் மிகவும் பயன்பட்ட வருஷங்கள்.

அங்கு அவர் கண்டறிந்த தத்துவத்தை நம் வீட்டார் யாவரும் அறிந்துகொள்ளும்படி விளக்கலாம். நீர் நிறைந்த களிமண்ணை, நீரில் ஊறிய கடற்பஞ்சு ஒன்றுக்கு ஒப்பிடுக. அதன்மேல் ஒரு பாரத்தை வைத்தால், முதலில் அப்பாரத்தைச் சுமப்பது உள்ளேயிருக்கும் நீர். நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறிய பின்னரே பஞ்சின் உடல் அப்பாரத்தை ஏற்று அமுங்குகின்றது. பஞ்சில் இது கணப்பொழுதில் நிகழும். களிமண்ணின் துவாரங்களோ மிகவும் நுண்ணியவை. ஆதலின் நீர் வெளியேறப் பல வருஷங்கள் செல்லும். கட்டி முடித்த மாளிகை நெடுநாள் கழித்து உள்ளே இறங்கிச் சுவர் வெடிப்பதன் காரணம் இதுவே. மண்ணின் மேலுள்ள மொத்த அமுக்கத்தில், துவாரங்களிலுள்ள நீரின் அமுக்கத்தைக் கழித்தால் எஞ்சுவது எதுவோ, அதுவே மண் துகள்களை ஒன்றோடொன்று இறுகப் பற்றச் செய்கின்றது. நீரின் அமுக்கம் ஏறினால், மேலுள்ள பாரம் குறையாதிருந்தும், துகள்களின் பிடி தளர்ந்துவிடும். பெருமழைக்குப் பின் மலைச்சரிவு இடிந்து விழுவதும், கரை திடீரென வழுக்கிச் செல்வதும் பெரும்பாலும் இதனாலேயே.

களிமண் அமுங்கும் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1923-இல் வெளியிட்டார். 1925-இல் வியன்னாவில் மண் கட்டுமான இயலைப் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் வெளிவந்தது. மண்ணியக்க சாஸ்திரம் பிறந்த வருஷம் அதுவே என்று இஞ்சினீயர்கள் கொண்டாடுகின்றனர். அவ்வருஷமே அமெரிக்காவின் மஸாச்சுஸெட்ஸ் தொழில்நுணுக்கக் கலாசாலை அவரை வருந்தி அழைத்தது. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஏமாற்றத்துடன் விட்டுச் சென்ற நாட்டுக்கு ஆசிரியராகவே திரும்பினார்.

சிறு வெடிப்பும் பெரும் அணையும்

கணக்கு கைவந்த பின்னும் டெர்ஸாகி கணக்கை முழுதும் நம்பவில்லை. இதுவே அவருடைய பெருமை. 1928-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கலிபோர்னியாவில் செயிண்ட் பிரான்ஸிஸ் அணை நள்ளிரவில் உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டனர். அணையின் காங்கிரீட்டைக் காட்டிலும் அது ஊன்றி நின்ற நிலமே அழிவுக்குக் காரணமாயிற்று. மறு வருஷத்தில் டெர்ஸாகி ஒரு சிறந்த கட்டுரை வரைந்தார். பூமியின் அமைப்பிலுள்ள மிகச் சிறு விவரங்கள் அணையின் க்ஷேமத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பது அதன் பொருள். நிலத்தைத் துளையிட்டுப் பார்க்கும் நாம் அங்கங்கே சில இடங்களையே காண்கிறோம். இரு துளைகளுக்கு நடுவே ஒரு விரற்கடை அகலமுள்ள வெடிப்போ, மெல்லிய மணற்படுகையோ மறைந்திருக்கலாம். படத்திலும் அறிக்கையிலும் அது தோன்றாது. நீரோ அதனைத் தப்பாமல் கண்டுபிடித்துவிடும்.

ஆகையால் அவர் மாணவர்களுக்கு வகுத்த வழி இது. முதலில் நிலத்தை இயன்றவரை ஆராய்ந்து திட்டம் இடுக. அத்திட்டம் எந்த எண்ணத்தைச் சார்ந்தது என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்க. கட்டும்போதே கசிவையும் இறக்கத்தையும் நீரின் அமுக்கத்தையும் நாள்தோறும் அளந்து வருக. நிலம் வேறு விதமாக நடந்தால், கௌரவம் பாராமல் திட்டத்தை மாற்றுக. இம்முறையை அவருடைய சீடரும் நண்பருமாகிய ரால்ப் பெக் 1969-ஆம் வருஷத்துச் சொற்பொழிவு ஒன்றில் ஒழுங்குபடுத்திக் கூறினார். இன்றும் உலகெங்கும் கையாளப்பட்டு வருகின்றது.

வியன்னாவில் நேர்ந்த துயரம்

1929-இல் வியன்னாத் தொழில்நுணுக்கக் கலாசாலை அவரைப் பேராசிரியராக அமர்த்திற்று. 1930-இல் ரூத் டாகெட் என்னும் அமெரிக்க மாதரசியை மணந்தார். அவ்வம்மையார் தாமே பூகர்ப்ப சாஸ்திரத்தில் தேர்ந்த பண்டிதை. 1936-இல் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் மண்ணியக்க சாஸ்திரத்தைப் பற்றிய முதல் சர்வதேச மகாநாடு கூடியபோது டெர்ஸாகியே அக்கிராசனம் வகித்தார்.

புகழின் உச்சியில் ஒரு பெருந்துயரமும் காத்திருந்தது. அதே கலாசாலையில் பால் பில்லுங்கர் என்னும் பேராசிரியர் இருந்தார். அணைகளின் துவாரங்களிலுள்ள நீரின் அமுக்கத்தைப் பற்றி டெர்ஸாகிக்கு முன்னரே, 1913-ஆம் வருஷம் முதல், ஆராய்ந்தவர் அவர். டெர்ஸாகியின் தத்துவம் பிழையுடையதென்று கருதிய அவர், 1936-இல் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். சாஸ்திர விவகாரத்தோடு நில்லாமல், எதிரியின் நாணயத்தையே தாக்கும் கடுஞ்சொற்கள் அதிற் காணப்பட்டன. கலாசாலை ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. குழுவின் தீர்ப்பு பில்லுங்கருக்கு மாறாக அமைந்தது. 1937-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவரும் அவர் மனைவியாரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர்.

டெர்ஸாகி வழக்கில் வென்றார். எனினும் இவ்வெற்றியைக் கண்டு மகிழ யாருக்கு மனம் வரும்? பிற்காலத்து ஆராய்ச்சியாளர், பில்லுங்கரின் கருத்துக்களிலும் காலத்துக்கு முந்திய சிறந்த உண்மைகள் இருந்தன என்று காட்டியுள்ளனர். இரு அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து நிதானமாய்ப் பேசியிருப்பின் சாஸ்திரமும் வளர்ந்திருக்கும்; இரண்டு உயிரும் பிழைத்திருக்கும். கருத்து வேற்றுமை சபைகளில் நேர்வது இயல்பு. அது மனிதரை அவமதிக்கும் சொல்லாக மாறும்போது விளையும் கேட்டுக்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை. சங்கங்களில் கூடிப் பேசும் நாமும் இதனை மறத்தலாகாது.

ஹார்வர்டில் ஆசிரியப் பணி

1938-இல் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அவ்வருஷத்திலேயே டெர்ஸாகி குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்ட் சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1943-இல் அந்நாட்டின் பிரஜையானார். ஹார்வர்டில் அவர் விசேஷமாகக் கற்பித்தது இஞ்சினீயர்களுக்குரிய பூகர்ப்ப சாஸ்திரம். மலை எவ்வாறு உண்டாயிற்று, ஆறு எவ்வாறு வண்டலைப் பரப்பிற்று என்னும் சரித்திரத்தை அறிந்தாலன்றி, ஓரிடத்தில் எவ்வகை அபாயம் மறைந்திருக்கக்கூடும் என்று ஊகிக்க முடியாது என்பது அவர் கொள்கை.

சிகாகோ நகரில் மெல்லிய களிமண்ணினூடே சுரங்க ரயில்பாதை வெட்டப்பட்டபோது, 1939 முதல் அவ்வேலைக்கு ஆலோசகராயிருந்தார். இளைஞராயிருந்த பெக் அங்கே ஆராய்ச்சிசாலையை நடத்தி, மேலுள்ள கட்டடங்கள் எவ்வளவு இறங்கின என்பதை இடைவிடாது அளந்தார். அவ்வனுபவத்தினின்று இருவரும் சேர்ந்து 1948-இல் வெளியிட்ட மண்ணியக்க நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று.

பாறையின் பலமும் பலவீனமும்

மண்ணைப் போலவே பாறையும் அவர் கருத்தைக் கவர்ந்தது. மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டும்போது மேலுள்ள மலை முழுவதும் முட்டுக்களின்மேல் இறங்குவதில்லை. வளைவிலுள்ள கற்கள் ஒன்றையொன்று தாங்குவது போலப் பாறையின் துண்டுகளும் தம்முள் நெருங்கித் தாங்கிக்கொள்கின்றன. தளர்ந்த ஒரு பகுதி மாத்திரமே முட்டைச் சார்கின்றது. அப்பகுதி எவ்வளவு என்பது பாறையின் வெடிப்புக்களைப் பொறுத்தது. 1946-இல் வெளிவந்த சுரங்க நூலொன்றில் அவர் எழுதிய பகுதியிலே, வெடிப்பே இல்லாத கெட்டிப் பாறை முதல், நொறுங்கிய பாறை, பிதுங்கும் பாறை, நீர்பட்டு உப்பும் பாறை வரையில் வகுத்து, ஒவ்வொன்றும் முட்டுக்களுக்குக் கொடுக்கக்கூடிய பாரத்தைக் கூறினார். பிற்காலத்தில் அக்கணக்குகள் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியவை எனக் காணப்பட்டு வேறு முறைகள் வழக்கில் வந்தன. எனினும் பாறையைத் தரம்பிரித்து இஞ்சினீயருக்கு உதவும் வழியில் அது ஒரு பெரிய அடியெடுப்பாகும்.

1962-இல், எழுபத்தெட்டு வயதை எட்டிய நிலையில், செங்குத்தான கெட்டிப் பாறைச் சரிவுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வெடிப்பற்ற கருங்கல் ஆயிரம் மீட்டருக்கு மேலும் செங்குத்தாக நிற்கக்கூடிய பலமுடையது. ஆயினும் அதனினும் மிகவும் தாழ்ந்த சரிவுகள் இடிந்து விழுகின்றன. கல்லின் பலத்தில் குறைவில்லை. வெடிப்புக்கள் எத்திசையில் சாய்ந்துள்ளன, அவற்றில் நீர் எவ்வளவு உயரத்திற்கு நிற்கின்றது என்பவையே மலையின் விதியை நிர்ணயிக்கின்றன. சுருட்டுப் பெட்டியிலுள்ள களிமண்ணில் கண்ட அதே நீரின் அமுக்கம், மலையின் வெடிப்பிலும் நின்று வேலை செய்தது.

கடைசிக் காலம்

1953-இல் ஹார்வர்ட் பதவியினின்று ஓய்வு பெற்றார். வேலையினின்று ஓய்வு பெறவில்லை. எகிப்தில் நைல் நதியின் அஸ்வான் பேரணைக்கு ஆலோசகர் குழுவின் தலைவராயிருந்தார். பின்னர் அவ்வேலையை ஏற்ற ருஷிய இஞ்சினீயர்களின் முறைகளுக்கு உடன்படாமல் 1959-இல் விலகினார். தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத திட்டத்தில் பெயருக்காக வீற்றிருக்க அவர் விரும்பவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மிருதுவான களிமண் படுகையுள்ள ஆபத்தான இடத்தில் மிஷன் அணை 1960-இல் அவருடைய ஆலோசனைப்படி நிறைவேறிற்று. நிலம் இறங்கும் என்பதை முன்னரே எதிர்பார்த்து, அதற்கு வளைந்து கொடுக்கும்படி அவ்வணையை அமைத்தனர். 1965-இல் அதற்கு டெர்ஸாகி அணை என்று பெயர் மாற்றிச் சிறப்பித்தனர்.

அவர் காலத்தின் அந்தியில் அவர் எச்சரித்தவை கொடிய முறையில் மெய்யாயின. 1959-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி பிரான்ஸ் தேசத்தின் மால்பாஸெ அணை, பக்கத்துப் பாறை நழுவியதால் தகர்ந்து நானூறு பேருக்கு மேல் மாண்டனர். 1963-ஆம் வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதி இத்தாலியின் வயோந்த் நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 26 கோடி கன மீட்டர் மலை சரிந்து விழுந்தது. அணை நின்றது; அதன்மேல் பொங்கி எழுந்த நீர் சுமார் 2000 மக்களைக் கொண்டு சென்றது. அதற்குப் பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 25-ஆம் தேதி, மஸாச்சுஸெட்ஸ் மாகாணத்து வின்செஸ்டர் நகரில் டெர்ஸாகி உயிர் நீத்தார். அவருக்கு வயது எண்பது. பாறைகளை ஆராய்வதற்கென்று தனியாக ஒரு சர்வதேச சங்கம் ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் நகரில் முந்திய வருஷந்தான் தோன்றியிருந்தது. இப்பெரு விபத்துக்களோ அச்சாஸ்திரத்தின் அவசியத்தை உலகுக்கே உணர்த்தின.

கணவர் மறைந்த இரண்டாம் வருஷத்தில் ரூத் அம்மையார் ஓர் அரிய கட்டுரை வெளியிட்டார். பாறையில் இடும் துளை, தனக்கு இணையாக ஓடும் வெடிப்புக்களைச் சந்திப்பதே அரிது. ஆதலால் நாம் எண்ணும் எண்ணிக்கை உண்மையினும் குறைந்து தோன்றும் என்று காட்டி, அதனைத் திருத்தும் கணக்கையும் வகுத்தார். பாறை ஆராய்வோர் இன்றும் அத்திருத்தத்தை டெர்ஸாகி என்னும் பெயராலேயே வழங்குகின்றனர். கணவரின் புகழ் நிழலில் மறைந்துவிடாமல், தம் சொந்த அறிவால் அப்பெயரை நிலைநாட்டிய இம்மாதரசி நம் பெண்மக்களுக்கு ஒரு முன்மாதிரியாவார்.

நாம் அறியத்தக்கவை

அமெரிக்க சிவில் இஞ்சினீயர்கள் சங்கத்தின் நார்மன் பதக்கம் அவருக்கு நான்கு முறை கிடைத்தது. பல தேசத்துச் சர்வகலாசாலைகள் கௌரவப் பட்டங்கள் வழங்கின. அவருடைய நூல்களும் குறிப்புக்களும் நார்வே தேசத்து ஆஸ்லோ நகரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் பட்டங்களைக் கருதி இச்சரித்திரத்தை எழுதவில்லை.

நம் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் பல பிள்ளைகள் இஞ்சினீயரிங் கலாசாலைகளில் சேர்கின்றனர். அவர்கள் பரீக்ஷையில் வாங்கும் மார்க்குகளைப் பற்றி நாம் விசாரிக்கிறோம். வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்களா, பாறையின் வெடிப்பை நின்று கவனித்தார்களா, கண்டதை அன்றே குறித்து வைத்தார்களா என்று விசாரிப்பதில்லை. அமெரிக்காவில் வெறுங்கையுடன் திரும்பிய டெர்ஸாகி, கேள்வியைக் கைவிடாததனாலேயே சுருட்டுப் பெட்டியில் விடை கண்டார். தாம் போட்ட கணக்கையே நிலம் மறுக்கும்போது நிலத்தின் பக்கம் நிற்கும் துணிவு அவருக்கிருந்தது. எழுதியது தவறு என்று ஒரு இஞ்சினீயர் ஒப்புக்கொள்ளும் நாளில் அவருடைய கௌரவம் சிறிது குறையலாம். அணையின் கீழே உறங்கும் ஊரோ பிழைத்திருக்கும்.

நம் இளைஞர்கள் கட்டப்போகும் பாலங்களின் கீழும் அணைகளின் கீழும் வாழப்போகிறவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தாரே. அவர்கள் அச்சமின்றி உறங்கும்படி, காணாத பாதியையும் கவனித்துக் கட்டும் நல்லறிவை நம் மைந்தரும் மகளிரும் பெறுவார்களாக.